மழைக்கு முன்னால் டெங்கு, அவசர உதவித் தகவல்களைப் பல மொழிக்காரர்களிடம் கொண்டுபோவது எப்படி? (சேலம்)

கொண்டலாம்பட்டி வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதி குடியிருப்போர் சங்கத்தில் சுகாதாரம் சம்பந்தப்பட்ட வேலைகளை நான் பார்க்கிறேன். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் டெங்கு பற்றியும், ஆபத்து நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்பது பற்றியும் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். தெரிந்த அச்சகக்காரர் ஒருவர் பேப்பர் காசு மட்டும் கொடுத்தால் போதும், கூலி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

சிக்கல் மொழியில்தான். தறி ஓடுகிற தெருக்களில் வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறார்கள். இரண்டு தெரு தள்ளி உருது. பைபாஸ் ஓரமாகக் கட்டடம் எழும்புகிற இடங்களில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் பையன்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எல்லா ஊரும் உண்டு, சில கொட்டகைகளில் குடும்பமாகவும் இருக்கிறார்கள். சங்கத்தில் பெரியவர்கள் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் போட்டால் முடிந்தது என்கிறார்கள். எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை, ஆனால் எத்தனை மொழியில் போடுவது, யாரை மொழிபெயர்க்கச் சொல்வது, சரியாக வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாத மொழியில் எப்படிப் பார்ப்பது என்று ஒன்றும் பிடிபடவில்லை.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. போன மழைக்காலத்தில் பக்கத்துக் கொட்டகையில் ஒரு பையனுக்குக் காய்ச்சல். எங்கேயோ ஊசி போட்டுக்கொண்டான், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று வேலைக்குப் போனான், அன்று மதியமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் கூட இருந்த யாருக்கும் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தானது என்று தெரிந்திருக்கவில்லை, எங்கள் தெரு முனையில் அதே விஷயம் தமிழில் பெரிய பேனராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

களத்தில் இந்த மாதிரி வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என் சித்தி மகள் ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் இருக்கிறாள், அங்கேயும் இதே கேள்விதான் என்கிறாள்.


ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், அஸ்தம்பட்டி:

அம்மா, அச்சகத்துக்குப் போவதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக, கொட்டகை கொட்டகையாகப் போய் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டில் என்ன பேசுகிறார்கள், எந்த எழுத்தை வாசிக்க வருகிறது, நோய் நொடி என்றால் முதலில் யாரிடம் கேட்கிறார்கள். இந்த மூன்றும் மூன்று விதமாக இருக்கும். உங்கள் தறித் தெருக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடம் பேசுகிற தேவாங்கர் வீட்டுப் பிள்ளை கன்னட எழுத்தைப் பார்த்தே இருக்காது, படித்தது முழுக்கத் தமிழ். சேலத்தில் உருது பேசுகிற வீடுகளிலும் இளம் வயதுக்காரர்கள் பலருக்குக் கைக்கு வருவது தமிழ் எழுத்துதான். ஆக அவர்களுக்குக் கன்னடத்திலும் உருதுவிலும் அச்சடித்தால் பேப்பர் வீண். அதே வீட்டில் எழுபது வயதுப் பாட்டிக்கு எந்த எழுத்தும் வராது, அவருக்கு வாயால் சொல்லத்தான் வேண்டும், அவர் பேச்சிலேயே சொல்ல வேண்டும். இந்தக் கணக்கை எடுத்துவிட்டால் பாதிச் செலவு குறைந்துவிடும், மீதிப் பணம் உண்மையிலேயே தேவைப்படுகிற இடத்துக்குப் போகும்.

வடக்கிலிருந்து வந்தவர்கள் விஷயம் வேறு. இந்தி என்று ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். ஒடிசாக்காரருக்கு எழுத்து ஒடியா, வங்காளம், அசாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எழுத்து. பீகார்ப் பையன் வீட்டில் பேசுவது போஜ்புரியோ மைதிலியோ, பள்ளிக்கூடம் போயிருந்தால் இந்தி வாசிப்பான். ஜார்க்கண்டில் சந்தாலி, முண்டாரி, ஹோ, குருக் என்று பேசுகிறவர்கள் நிறைய. குருக் நம் திராவிடக் குடும்பத்து மொழி, இது பலருக்குத் தெரியாது. இவர்களில் பலருக்குச் சந்தையிலும் வேலை இடத்திலும் பொதுவாகப் பேசிக்கொள்ள சாத்ரி என்ற மொழி கைகொடுக்கிறது. இந்தியில் நீங்கள் சொன்னால் தலையை ஆட்டுவார்கள். தலையை ஆட்டியதை வைத்துப் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

அடுத்து, என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது. துறையிலிருந்து வருகிற நோட்டீஸ்களில் கொசுவின் வாழ்க்கை வரலாறே இருக்கும், அதை அப்படியே ஐந்து மொழியில் போட்டால் ஐந்து மொழியிலும் யாரும் படிக்க மாட்டார்கள். டெங்குவுக்கு ஜனங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரத்தில் ஒரு நாள், எந்தக் கிழமை என்று பெயர் சொல்லி, டிரம், தொட்டி, பழைய டயர், சிமெண்ட் சட்டி, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்ப்பது அதற்காகத்தான், இதை மட்டும் காரணத்தோடு சொல்லுங்கள், காரணம் தெரிந்தால் செய்வார்கள். இந்தக் கொசு பகலில் கடிக்கும் என்பதையும் சொல்லுங்கள், இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கு வலை வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஊசி இவையெல்லாம் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். வயிறு விடாமல் வலிப்பது, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தலைசுற்றிக் கிறக்கம் - இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனை. இவ்வளவுதான் நோட்டீஸ். மற்றது எல்லாம் அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம்.


சைட் சூப்பர்வைசர், ஓமலூர் ரோடு:

சார் சொன்னது அத்தனையும் சரி. நான் கொட்டகைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

கொட்டகையில் நோட்டீஸ் ஒட்டினால் அது சுவரில் இருக்கும், அவ்வளவுதான். செய்தி நடமாடுவது போனில், அதுவும் குரல் பதிவாக. ஒவ்வொரு ஊர்க்காரக் கும்பலுக்கும் ஒரு ஆள் இருப்பார், அவர்தான் ஊரிலிருந்து இவர்களைக் கூட்டி வந்தவர், சம்பளத்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பவர், வீட்டில் சாவு என்றால் முன்பணம் வாங்கித் தருபவரும் அவரே. அவர் வாயிலிருந்து வந்தால்தான் பையன்கள் நம்புவார்கள். ஆனால் அவரை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது, ஏனென்றால் காய்ச்சல்காரன் படுத்துவிட்டால் அவருக்கும் ஆள் குறையும், இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் சொல்வார். அதனால் அவரிடம் ஒருமுறை பேசிவிட்டு, அதே கும்பலில் பத்தாவது வரை படித்த பையன் ஒருவன், குடும்பமாக இருந்தால் பெண் ஒருவர், இப்படி வேறு இரண்டு பேரையும் பிடித்துக்கொள்ளுங்கள். போகிற நேரம் ஞாயிறு சாயங்காலம். மற்ற நாளில் போனால் சமையல் வேலையில் இருப்பார்கள், காது கொடுக்க மாட்டார்கள்.

குரல் பதிவு ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் வாக்கியத்திலேயே என்ன செய்ய வேண்டும் என்பது வந்துவிட வேண்டும். வணக்கம் சொல்லி, சங்கத்தின் பெயர் சொல்லி, தலைவர் செயலாளர் பெயர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். பேசுகிற ஆள் அந்த ஊர்க்காரராகவே இருக்கட்டும், எந்த ஊர் என்று அவர் சொல்லட்டும்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். 108 என்ற எண் எல்லோருக்கும் தெரியும். கூப்பிட்டால் எதிர்முனையில் இடம் எங்கே என்று கேட்பார்கள், அங்கேதான் நிற்கும். வந்து ஒரு மாதம்கூட ஆகாத பையனுக்குத் தான் இருக்கிற இடத்தின் பெயரைச் சொல்லத் தெரியாது. எங்கள் சைட்டில் கொட்டகைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைத்திருக்கிறோம். அதில் இடத்தின் விலாசம், பக்கத்தில் இருக்கிற பெட்ரோல் பங்க், மேம்பாலம், கோவில் எல்லாம் தமிழ் உச்சரிப்பிலேயே இருக்கும், ஆனால் எழுத்து தேவநாகரி, ஒடியா, வங்காளம். அர்த்தம் தெரிய வேண்டியதே இல்லை, பார்த்துப் படித்தால் ஆம்புலன்ஸ்காரருக்குப் புரிந்துவிடும். கீழே மெயின் ரோட்டுக்கு ஒரு ஆளை அனுப்பி நிற்க வை என்று அவரவர் மொழியில். உங்கள் நோட்டீஸுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன், டெங்குவுக்கு மட்டும் இல்லாமல் மேலேயிருந்து விழுந்தாலும், கரண்ட் அடித்தாலும், பாம்பு கடித்தாலும் உதவும். அட்டையிலேயே தீயணைப்புக்கு 101, போலீஸ் உட்பட எல்லாவற்றுக்கும் 112 போட்டுவிடுங்கள்.

அப்புறம் செப்டிக் டேங்க், சம்ப், கிணறு. ஒருவன் உள்ளே மயங்கி விழுந்தால் அடுத்தவன் காப்பாற்ற இறங்குவான், அவனும் விழுவான், மூன்றாவது ஆளும் இறங்குவான். விஷவாயு மணிக்கணக்கில் காத்திருக்காது, ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடும். மேலேயே நின்று 101 கூப்பிடு என்பதை நான் ஒவ்வொரு புது கும்பலுக்கும் முதல் நாளே சொல்ல வைக்கிறேன்.


பொன்னம்மாபேட்டைக்காரன்:

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். எங்கள் தெருக்களுக்குத் தமிழ் நோட்டீஸே போதும், ஆய்வாளர் ஐயா சொன்னது அப்படியே பொருந்தும். சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து இருக்கிறது, எங்கள் அம்மாவுக்கே அது வாசிக்க வராது. ஆனால் வீட்டில் டிரம்மையும் தொட்டியையும் ஆள்கிறவர்கள் வயதான பெண்கள். தண்ணீர் விடுகிற நாளில் பிடித்து வைத்ததை அடுத்த முறை தண்ணீர் வருகிற வரைக்கும் காப்பாற்றுவார்கள், அதைக் கொட்டச் சொன்னால் யார் மொழியில் சொன்னாலும் கோபம்தான் வரும். கொட்டு என்று சொல்லாதீர்கள். வேட்டித் துணியை டிரம் வாயில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், தண்ணீர் தீர்கிற அன்றைக்கு, அடுத்து பிடிப்பதற்கு முன்னால், உள்ளே பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். இதை எங்கள் தெருவில் கோவில் பஜனைக்கு வருகிற ஒரு பெரியம்மா எங்கள் பேச்சில் எடுத்துச் சொன்னார், அதற்குப் பிறகு பாதி வீடுகளில் துணி கட்டியிருக்கிறது. அதுவரைக்கும் மாநகராட்சி ஆட்கள் வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.


ஏற்காடு, நாகலூர் பக்கம்:

அக்கா, உங்கள் தங்கச்சிக்காக மலைக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இங்கே கிராமங்களில் இருக்கிற மலையாளி பழங்குடி மக்கள் பேசுவது தமிழ்தான், பெயரை வைத்து வெளியூர்க்காரர்கள் குழம்பிவிடுகிறார்கள். அவர்களுக்குத் தடை மொழியில் இல்லை, தூரத்தில். சில ஊர்களுக்கு பஸ் போகிற நேரம் குறைவு, சிக்னல் கிடையாது, வாட்ஸ்அப் குரல் பதிவெல்லாம் அங்கே வேலைக்கு ஆகாது. ஊர்க் கூட்டத்தில், ரேஷன் கடையில், அங்கன்வாடியில் நேரில் சொன்னால்தான் உண்டு. எஸ்டேட்டில் வேலைக்கு வந்திருக்கிற ஜார்க்கண்ட், அசாம் பக்கத்துக் குடும்பங்களுக்குத்தான் மொழிச் சிக்கல். காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும், புது ஆட்கள் நிறைய வருவார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள், அந்த ஐந்து நிமிஷம்தான் நமக்குக் கிடைக்கிற நேரம். மேஸ்திரி தமிழில் சொல்வார், பழைய ஆள் ஒருவர் சாத்ரியில் திருப்பிச் சொல்வார். சின்ன ஸ்பீக்கரில் போட்டும் பார்த்தோம், ஆள் நேரில் நின்று சொல்வதற்கு அது ஈடாகவில்லை, ஏனென்றால் ஸ்பீக்கரிடம் கேள்வி கேட்க முடியாது.

மலையில் சொல்ல வேண்டிய விஷயமும் வேறு. டெங்கு கீழே இருக்கிற அளவுக்கு இங்கே பேச்சில் இல்லை. இங்கே பயம் புதர்க் காய்ச்சல், அதாவது ஸ்கரப் டைஃபஸ். புல்லிலும் புதரிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பு வடு இருக்கும், பெரும்பாலும் அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே, வலிக்காது. அதனால் கடிபட்டவருக்கே தெரியாது, பெண்கள் காட்டவும் மாட்டார்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரை விலை குறைவு, சீக்கிரம் கொடுத்தால் நன்றாகக் கேட்கும், தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் போய்விடும். புதரில் வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் முதலில் சொல் என்பதுதான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. இந்த விஷயத்தைப் பெண்களுக்குப் பெண் ஒருவர் தனியாக, அவர்கள் பேச்சில் சொல்ல வேண்டும். ஆண் மேஸ்திரியை வைத்துச் சொல்லிப் பயனில்லை.

டிசம்பர், ஜனவரிக் குளிரில் இன்னொரு ஆபத்து. சமவெளியிலிருந்து வந்தவர்கள் குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவார்கள். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். புகை இல்லையே, கனல் மட்டும்தானே என்று நினைக்கிறார்கள். கனலில்தான் ஆபத்து. எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாக இருக்கிற லைன் வீடு ஒவ்வொன்றிலும் இதைக் குளிர் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும், கூடுதலாக ஒரு கம்பளி கொடுக்கச் சொல்லி நிர்வாகத்தையும் கேட்க வேண்டும், வெறுமனே அடுப்பு வைக்காதே என்றால் குளிருக்கு என்ன செய்வார்கள்?

மழைக்கும் ஒரு வரி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அப்போது கீழே போகலாமா, குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்ற செய்தி எல்லாம் தமிழில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு எஸ்டேட்டிலும் யார் எந்த மொழியில் சொல்வார் என்று முன்கூட்டியே பெயர் எழுதி வைத்துவிட வேண்டும்.


கொண்டலாம்பட்டி வாசகி:

எல்லோருக்கும் நன்றி, நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. ஆய்வாளர் ஐயா சொன்னபடி நோட்டு எடுத்துக்கொண்டு இந்த ஞாயிறே கிளம்புகிறோம். அச்சடிக்கிறதைத் தமிழோடும் கொட்டகை அட்டையோடும் நிறுத்திக்கொண்டு மீதியைக் குரலில் செய்யலாம் என்று சங்கத்தில் பேசப் போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். போனில் இருக்கிற மொழிபெயர்ப்பு ஆப்பை நம்பலாமா? ஒடியாவில் ஒருவர் பேசிக் கொடுத்தால் அதில் மாத்திரை அளவு தப்பாக வந்திருக்கிறதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?


மருந்தாளர், செவ்வாய்ப்பேட்டை:

மேடம், ஆப்பை முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். வேண்டாம், கூடாது, இல்லை என்று வருகிற வாக்கியங்களில்தான் அது சறுக்கினால் பெரிய ஆபத்து. ஆஸ்பிரின் சாப்பிடக் கூடாது என்பதில் அந்தக் கூடாது விழுந்துவிட்டால் என்ன ஆகும்? அதனால் தமிழில் எழுதும்போதே ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல் என்று எழுதுங்கள். இதைச் செய் என்பது தனியாக, இதைச் செய்யாதே என்பது தனியாக.

சரிபார்க்க நான் செய்வது இது. பதிவு செய்து கொடுத்தவரை விட்டுவிட்டு, அதைக் கேட்டே இராத இன்னொரு ஒடிசாக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க வைப்பேன். புரிந்ததா என்று கேட்க மாட்டேன், புரிந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் தம்பிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், இப்போது என்ன செய்வீர்கள், எந்த மாத்திரை, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எப்போது ஆஸ்பத்திரி என்று கேட்பேன். அவர் உடைந்த தமிழிலோ இந்தியிலோ சொல்லட்டும், கையால் காட்டட்டும். அவர் செய்வதாகச் சொல்வது நீங்கள் நினைத்ததோடு பொருந்தினால் பதிவு சரி. பொருந்தாவிட்டால் எந்த இடத்தில் விலகுகிறது என்று பார்த்து அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றி மறுபடி பேச வையுங்கள். நான்கைந்து பேரிடம் இப்படிக் கேட்டாலே பெரிய ஓட்டை எல்லாம் தெரிந்துவிடும்.

மாத்திரை கொடுக்கும்போது கவர் மேல் 1-0-1 என்று எழுதுகிறோமே, அது நமக்குப் பழக்கமானது, பலருக்கு அது கணக்கு மாதிரிதான் தெரியும். சூரியன் உதிப்பது, உச்சி, நிலா மூன்றையும் வரைந்து கீழே மாத்திரையை வரைந்துவிட்டால் ஓரளவு புரியும். படமும் எல்லோருக்கும் ஒன்று போலப் புரியும் என்று நினைக்க வேண்டாம். வரிசையாக மூன்று படம் போட்டால் உருது படித்துப் பழகியவர் வலமிருந்து பார்க்கலாம். சிவப்பு எக்ஸ் குறி போட்டால் ஆஸ்பத்திரி என்று நினைக்கிறவர்களும் உண்டு. படத்தையும் அதே மாதிரி ஆளிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் அட்டையில் இன்னும் சில எண்கள் சேர்க்கலாம். உடல்நிலை பற்றிய ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104. மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, அதில் பல இந்திய மொழிகளில் பேசலாம், வீட்டை விட்டு வந்து கொட்டகையில் தனியாகக் கிடக்கிற பையன்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும், தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வந்து என்னிடம் மாத்திரை கேட்கிறார்கள், என்னிடம் அதற்கு மருந்து கிடையாது. குழந்தைகளுக்கு 1098.

நாய்க்கடியையும் விட்டுவிடாதீர்கள். கடித்த உடனே சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம், 0, 3, 7, 28ஆம் நாட்களில் போடுவார்கள். ஆனால் இருபத்தெட்டு நாளுக்குள் இவர்களுக்குச் சைட் மாறிவிடுகிறது, ஊருக்கே போய்விடுகிறார்கள், பாதியில் நின்றுவிடுகிறது. சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் மீதியைத் தொடரலாம் என்று சொல்லிக்கொடுங்கள். குழந்தைகளின் தடுப்பூசி அட்டைக்கும் இதேதான், ஊரில் போட்டது போக மீதியை இங்கே போடுவார்கள், கேட்கத் தயங்கித்தான் பல தாய்மார்கள் போகாமல் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை இலவசம், காசநோய் மருந்தும் இலவசம் என்பதை அடுத்த மாதப் பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.


காது கேளாத பிள்ளையின் அம்மா, சூரமங்கலம்:

எல்லோரும் குரல் பதிவு என்கிறீர்கள். என் மகனுக்கு அது எந்த மொழியிலும் பயன்படாது. ஒரு சின்ன வீடியோவாக, சைகை மொழியில் யாராவது செய்து, கீழே தமிழில் எழுத்து ஓடினால் எங்கள் பிள்ளைகளின் குரூப் மூலம் மாவட்டம் முழுக்க நாங்களே அனுப்பிக்கொள்வோம். சைகை தெரிந்த ஆசிரியர்கள் சேலத்தில் இருக்கிறார்கள், கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். பேசுகிறவர் முகம், உதடு தெளிவாகத் தெரியும்படி வெளிச்சத்தில் எடுங்கள். அப்புறம் அட்டையில் குறுஞ்செய்தி அனுப்பக்கூடிய உள்ளூர் எண் ஒன்றும் போடுங்கள், என் மகன் போன் செய்து பேச முடியாது.


கொண்டலாம்பட்டி வாசகி:

அக்கா, இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கண்டிப்பாகச் செய்கிறோம். சங்கத்து எண்ணில் குறுஞ்செய்தி பார்ப்பதற்கு இரண்டு பேர் மாற்றி மாற்றி இருக்கட்டும் என்று இப்போதே பேசிவிட்டேன். அந்த ஆசிரியர்களிடம் பேச நீங்களும் கூட வர முடியுமா?


காது கேளாத பிள்ளையின் அம்மா, சூரமங்கலம்:

வருகிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு ஓய்வுதான்.


சைட் சூப்பர்வைசர், ஓமலூர் ரோடு:

மேடம், ஒரு விஷயம் விட்டுப்போனது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின இல்லையா. எங்கள் சைட்டிலேயே பையன்கள் பையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டு போன் மேல் போன். போலீஸ் இந்தியிலேயே மறுப்பு வெளியிட்டது, அது உதவியது உண்மை. ஆனால் பையன்கள் கடைசியில் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கியது எங்கள் சைட்டில் ஐந்து வருஷமாக இருக்கிற ஒடிசாக்காரர் ஒருவர் தன் போனில் வீடியோ எடுத்து, நான் இங்கேதான் இருக்கிறேன், ஒன்றும் இல்லை என்று அவர்கள் ஊர் குரூப்பில் போட்டதற்குப் பிறகுதான். ஆபத்து வந்த பிறகு அப்படி ஒரு ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார். நீங்கள் இப்போது டெங்குவுக்காகப் பழகப் போகிற அதே இரண்டு மூன்று பேர்தான் அன்றைக்கும் வேண்டும். அதனால் காரியம் முடிந்ததும் விட்டுவிடாமல் மாதம் ஒருமுறையாவது போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள், அவர்கள் சொல்கிற குறையையும் கேளுங்கள். தண்ணீர் லாரி வரவில்லை, கக்கூஸ் கதவு இல்லை என்பார்கள். அதில் ஒன்றையாவது மேஸ்திரியிடமோ வார்டு கவுன்சிலரிடமோ பேசிச் சரிசெய்து கொடுத்தால் அடுத்த முறை நீங்கள் சொல்வதை நின்று கேட்பார்கள்.

குரல் பதிவில் மாதமும் வருஷமும் சொல்ல வையுங்கள். இது சுற்றிக்கொண்டே இருக்கும், இரண்டு வருஷம் கழித்து எங்கேயோ யாரோ கேட்பார், எண் மாறியிருக்கும். புதிது போடும்போது பழையதை அழித்துவிடு என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.